இரண்டு பக்கமும் வலம்புரி

லோரோங் கூலிட் சந்தையில்
நின்றுபோன மின்விசிறிகளுக்கும் ஜோடியில்லாச் சப்பாத்துகளுக்கும் நடுவே
சக்கரமில்லாமல் கிடந்தது.
எண்பது வெள்ளி என்றான்.
எழுபத்தைந்து கொடுத்தேன்.
பேருந்துக்காரர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.
தோளில் ஓர் எலும்புக்கூட்டோடு
ஜெலுத்தோங் வரை நடந்தேன்.
பதினோராம் மாடி.
மின்தூக்கி அன்றைக்கும் விடுப்பில்.

பச்சைச் சாயம், வீட்டுக் கதவுக்கு அடிக்கிற பச்சை.
முன்கழுத்தில் சின்னம் இருந்த இடத்தில்
இரண்டு துளைகள் மட்டும்.
பெயர் சொல்ல மறுக்கும் வாயைப் போல.

முதலில் மிதியச்சைக் கழற்ற வேண்டும்.
வலப்பக்கக் கிண்ணம் இடம்புரி மரை,
வலமாகச் சுற்றினால் கழலும்:
எனக்குத் தெரிந்த எல்லா சைக்கிளும் அப்படித்தான்.
சுற்றினேன்.
முழங்கை நடுங்க, இரண்டு நாள்,
நீளக் குழாயைப் பிடியில் செருகி
உடம்பின் எடை முழுவதையும் போட்டுச் சுற்றினேன்.
மூன்றாம் நாள் எண்ணெயைத் துடைத்தபோது
கிண்ணத்தின் விளிம்பில் மங்கலாக ஓர் அளவு.
இத்தாலிக்காரன் மரை.
இரண்டு பக்கமும் வலம்புரி.
இரண்டு நாளாக நான்
இறுக்கிக்கொண்டிருந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை.
உங்களிடம்தான் சொல்கிறேன்.

சாயம் உரிந்தது.
பச்சைக்கு அடியில் வெள்ளை,
வெள்ளைக்கு அடியில் பழுத்த பப்பாளி நிறம்,
அதற்கும் அடியில், கீழ்க்குழாய் கழுத்தோடு சேரும் இடத்தில்
ஒரு விரற்கடை அகலத்தில்
மஞ்சள் வளையம்.
பித்தளை.
யாரோ விழுந்திருக்கிறார்கள்.
யாரோ ஒட்டியிருக்கிறார்கள்.

பூன் கியாட் கடைசல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.
"சுவரில் மாட்டு. பூ வை. ஊதுவத்தி கொளுத்து.
ஏறி மட்டும் உட்காராதே."

பதினெட்டு வருடமாக
பாயான் லெப்பாஸில் எனக்கு இரவு வேலை.
நுண்ணோக்கிக்குக் கீழே ஈயப்பற்றுகள்:
இது தேறும், இது தேறாது,
இது பளபளக்கிறது ஆனால் பொய்.
அந்தக் கண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
பத்து மடங்குக் கண்ணாடியை வைத்து
வளையத்தைச் சுற்றி வந்தேன், எறும்பு மாதிரி.
குமிழி இல்லை. இடைவெளி இல்லை.
சூடு சரியாக ஏறும்வரை காத்திருந்த கை அது.
பித்தளை தானாக ஓடி உள்ளே போயிருக்கிறது.
தேறும், என்று சமையலறையில் சத்தமாகச் சொன்னேன்.
பக்கத்து வீட்டு ரொஹாயு அக்கா
எந்தப் பரீட்சை என்று சன்னல் வழியே கேட்டாள்.

மறுபடி சாயம் அடித்தேன், அந்த வளையத்தை விட்டுவிட்டு.
அதன் மேல் மெழுகு மட்டும்.

ஞாயிறு, ஆறரை மணி, தெலுக் பாஹாங்.
அணைக்கட்டைத் தாண்டியதும் சாலை நிமிர்கிறது.
பல்சக்கரம் மாற்ற ஒரு கையை விட வேண்டும்,
தொடைகளுக்கு நடுவே குனிந்து நெம்புகோலைத் தேட வேண்டும்.
சொடுக்கென்று விழாது.
காதால் தேடி, உரசல் நின்ற இடத்தில் நிறுத்த வேண்டும்.
இரும்பு மேட்டுக்கு மறுப்புச் சொல்லவில்லை,
மூச்சு வாங்கியதெல்லாம் நான்தான்.

மூன்றாம் வளைவில் ஆரம்பித்தது.
டிக்.
ஒரு சுற்றுக்கு ஒரு டிக்.
பூன் கியாட்டின் முகம் சாலையில் தெரிந்தது.
இறங்கினேன். வளையத்தைத் தடவினேன்.
கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
இருக்கையை ஆட்டினேன், மிதிகளை ஆட்டினேன்,
தண்ணீர்ப் புட்டியைக் கழற்றிப் பையில் போட்டேன்.
மரத்தில் ஒரு குரங்கு
வேலைக்கு ஆள் எடுப்பவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தது.

சரி, தள்ளிக்கொண்டே போவோம்.
பத்தடி நடந்தேன்.
டிக்.
சைக்கிள் வாயைத் திறக்கவில்லை.
டிக்.
என் இடது முழங்கால்.

நடுச்சாலையில் நின்று சிரித்தேன்.
டுரியான் ஏற்றி வந்த லோரி
ஒலி எழுப்பி விலகிப் போனது.

உச்சிக்கு அப்பால் பாலிக் பூலாவ் வரை
இறக்கம். இறக்கம். இறக்கம்.
பழைய நிறுத்தான்கள்; ஒரு வளைவு முன்னதாகவே
பிடிக்கத் தொடங்க வேண்டும்.
கிராம்பு காயும் வாசனையைக் கடக்கையில்
என் கட்டைவிரல் தானாகப் போய்
அந்த மஞ்சள் இடத்தைத் தொட்டது.
சில்லென்றிருந்தது.
உடனே கையை எடுத்துப் பிடியில் வைத்தேன்.
முன்னால் ஒரு கோழி.